முன்னே போகாத விண்கலம்

கிரேடியஸ் என்ற வீடியோ விளையாட்டில் முதல் கட்டம் முடிகிற இடத்தில் இரண்டு எரிமலைகள் வரும். அதுவரை வலமிருந்து இடமாக ஓடிக்கொண்டிருந்த தரை அங்கே நின்றுவிடும். மலைகள் இரண்டும் பாறைகளைக் கக்கத் தொடங்கும். நம் கையில் இருக்கும் விக் வைப்பர் என்ற சின்னக் கப்பல் அந்தக் கல்மழைக்குள் சுட்டுச் சுட்டு இடம் தேடும். தரை நின்ற அந்த நொடியில்தான் ஒன்று உறைக்கிறது: இத்தனை நேரமும் கப்பல் முன்னே போகவே இல்லை. ஸ்டேஷனில் பக்கத்துத் தண்டவாளத்து ரயில் கிளம்பும்போது நம் ரயில் கிளம்பியதாக நினைப்போமே, அதே ஏமாற்றுதான்.

ஜப்பானின் கோனாமி நிறுவனம் 1985இல் வெளியிட்ட ஆர்கேட் விளையாட்டு, அதாவது கடைகளில் காசு போட்டு ஆடும் இயந்திரம், இது. வெளிநாடுகளுக்கு நெமிசிஸ் என்ற பெயரில் போனது. பின்னணியை ஓட விடுவது இன்று ஒரு பெரிய விஷயமே இல்லை. அன்று ஏன் பெரிய விஷயம் என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

திரையின் அகலம் 256 பிக்சல், உயரம் 224. மொத்தம் 57,344 புள்ளிகள். நொடிக்கு 60 முறை படம் மாற வேண்டும் என்றால் 34 லட்சம் புள்ளிகளுக்கு மேல் நிறம் தீட்டியாக வேண்டும். உள்ளே இருந்ததோ சுமார் 9 மெகாஹெர்ட்ஸில் ஓடிய மோட்டரோலா 68000 பிராசஸர். அதாவது நொடிக்குச் சுமார் 90 லட்சம் கடிகாரத் துடிப்புகள். அதன் மிகச் சின்னக் கட்டளைக்கே 4 துடிப்புகள் தேவை. ஒரு புள்ளிக்கு ஒரே கட்டளை என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் நொடிக்கு 23 லட்சத்தைத் தாண்டாது. தரையை வரையவே நேரம் போதாது. அப்புறம் எதிரிகளை யார் நகர்த்துவது, குண்டு பட்டதா என்று யார் பார்ப்பது?

அதனால் வரைகிற வேலையே பிராசஸரிடம் கொடுக்கப்படவில்லை. படம் 8-க்கு 8 பிக்சல் அளவுள்ள டைல்களாக வெட்டப்பட்டிருக்கிறது. திரையை நிரப்ப 32-க்கு 28, அதாவது 896 டைல்கள் போதும். ‘இந்த இடத்தில் 47ஆம் டைல், அடுத்த இடத்தில் 12ஆம் டைல்’ என்று எண்களை மட்டும் ஒரு அட்டவணையில் பிராசஸர் எழுதி வைக்கும். தனியாக இருக்கும் வீடியோ சுற்று அதைப் படித்துத் திரையில் புள்ளிகளாக விரிக்கும்.

இனி நகர்த்துவது எப்படி? திருவிழாவில் பயாஸ்கோப் பெட்டி பார்த்தவர்களுக்கு இது எளிது. கண்ணாடித் துளை அசைவதில்லை. உள்ளே படச்சுருள்தான் நகர்கிறது. அந்த டைல் அட்டவணை திரையைவிட அகலமானது. எந்தப் புள்ளியிலிருந்து படிக்கத் தொடங்க வேண்டும் என்று சொல்லும் ஓர் எண் மட்டும் ஸ்க்ரோல் ரிஜிஸ்டர் என்ற சின்ன எண்பெட்டியில் இருக்கும். அதில் ஒன்றைக் கூட்டினால் போதும், முழுத் தரையும் ஒரு பிக்சல் இடப்பக்கம் தள்ளிப்போகும். ஒரே ஒரு கூட்டல்! எட்டு பிக்சல் நகர்ந்ததும் இடது ஓரத்தில் ஒரு நெடுவரிசை மறைந்துவிடும். அட்டவணையின் இரு முனைகளும் வளையமாக ஒட்டியிருப்பதால், மறைந்த அந்த வரிசையில் புதிய நிலத்துக்கான எண்களை எழுதி வைத்தால் அது பிறகு வலது ஓரத்தில் தலைகாட்டும். கப்பலும் எதிரிகளும் குண்டுகளும் ஸ்ப்ரைட் என்ற தனி வகை. இந்த ஓட்டத்தில் சேராமல் அதன்மேல் மிதக்கும்.

ஸ்க்ரோல் எண் இன்னொரு வேலையும் செய்கிறது. தரை ஒரே வேகத்தில் ஓடுவதால் அந்த எண்தான் ஆட்டத்தின் கடிகாரம். இந்த எண் வந்தால் மேலிருந்து ஆறு எதிரிகள், அந்த எண் வந்தால் வளையங்களைத் துப்பும், ஈஸ்டர் தீவின் மோவாய் சிலை போன்ற கற்தலை என்று எல்லாம் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். இந்த வகை விளையாட்டுகளில் மனப்பாடம் செய்து ஜெயிக்க முடிவது இதனால்தான். செத்தால் எண் சற்றுப் பின்னுக்குப் போகும். சேர்த்த ஆயுதங்கள் எல்லாம் போய் வெறுங்கையோடு அதே இடத்தில் நிற்பீர்கள். நியாயமே இல்லாத ஏற்பாடு இது என்பது என் கட்சி.

ஆனால் நகரும் விண்வெளியில் எனக்கு ஆகப் பிடித்தது இதற்கு ஆறு வருடம் முந்தையது. நாம்கோவின் கேலக்சியன், 1979. அதில் எதிரிப் படைக்குப் பின்னால் வண்ண வண்ண நட்சத்திரங்கள் மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும். அந்த நட்சத்திரங்கள் எந்த நினைவகத்திலும் இல்லை.

அங்கே இருப்பது 17 பிட் நீளமுள்ள, அதாவது 0 அல்லது 1 நிற்கும் 17 இடங்கள் கொண்ட, ஒரு ஷிஃப்ட் ரிஜிஸ்டர். ஒவ்வொரு துடிப்புக்கும் பிட்டுகள் ஓரிடம் தள்ளிப்போகும். இரண்டு பிட்டுகளை ஒப்பிட்டுக் கிடைக்கும் விடை காலியான முனையில் நுழையும். பார்க்கத் தாறுமாறாகத் தெரியும் எண்கள் வரும், ஆனால் 131,071 துடிப்புக்குப் பிறகு அச்சு அசலாக அதே வரிசை திரும்பும். குறிப்பிட்ட ஒன்பது பிட்டுகள் சொன்னபடி பொருந்தினால் அந்த இடத்தில் ஒரு நட்சத்திரம். நிறத்தையும் அதே ரிஜிஸ்டரின் பிட்டுகளே முடிவு செய்யும். சுற்று முழுவதிலும் இப்படிப் பொருந்தும் நிலைகள் 256 மட்டுமே.

சரி, அவை ஏன் நகர்கின்றன? ஒரு ஃபிரேமுக்கு, அதாவது திரையில் ஒரு முழுப் படம் வரைய, அந்த ரிஜிஸ்டருக்குக் கிடைக்கும் துடிப்புகள் 131,070. சுற்று முடிய ஒன்று குறைகிறது. சின்ன அளவில் பாருங்கள். ஐந்து மணிகள் கொண்ட மாலை: அ, ஆ, இ, ஈ, உ. திரையில் இடமோ நான்கு. முதல் ஃபிரேமில் அ ஆ இ ஈ. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் இரண்டாவதில் உ அ ஆ இ. மூன்றாவதில் ஈ உ அ ஆ. ‘அ’ தன் பாட்டுக்கு வலப்பக்கம் ஒவ்வோர் அடியாக நகர்கிறது, பார்த்தீர்களா? யாரும் அதை நகர்த்தவில்லை. அந்த இயந்திரத்தில் டிவித் திரை பக்கவாட்டில் சாய்த்து வைக்கப்பட்டிருந்ததால், வலப்பக்க நகர்வு நமக்குக் கீழ்நோக்கிய நகர்வாகத் தெரிந்தது. ஒன்று குறைவாக எண்ணியதில் ஒரு வானமே நகர்ந்திருக்கிறது.

கிரேடியஸுக்குத் திரும்புவோம். அதன் புகழ்பெற்ற ஆயுதம் ஆப்ஷன்: கப்பலின் பின்னால் தொடர்ந்து வரும், சுடவும் செய்யும் ஒளி உருண்டை. நான்கு வரை சேர்க்கலாம். பார்த்தால் யோசித்துத் தொடர்வது போலிருக்கும். உண்மையில் கப்பல் கடந்து வந்த இடங்களின் பட்டியல் ஒன்றை நிரல் வைத்திருக்கிறது. முதல் உருண்டை அந்தப் பட்டியலில் கொஞ்சம் பழைய இடத்தில் நிற்கும், அடுத்தது இன்னும் பழைய இடத்தில். கப்பல் நகரும்போது மட்டும்தான் பட்டியலும் நகரும். ஜாய்ஸ்டிக்கை விட்டதும் உருண்டைகள் கப்பலிடம் ஓடி வராமல் நின்ற இடத்திலேயே நிற்கும். கைதேர்ந்தவர்கள் நேர்மேலே போய் நிறுத்துவார்கள். உருண்டைகள் ஒரே செங்குத்துக் கோட்டில் நிற்க, திரையின் பாதி உயரத்துக்கு லேசர் பாயும்.

திரையில் கூட்டம் மிஞ்சினால் அறுபதில் ஒரு நொடிக்குள் கணக்கு முடியாது, ஆட்டமே மெதுவாகும். அது குறைதான், ஆனால் குண்டுகளுக்கு நடுவே நுழைய அதைப் பயன்படுத்திக்கொண்டவர்கள் உண்டு. 1986இல் வீட்டு டிவியில் இணைக்கும் ஃபேமிகாம் விளையாட்டுப் பெட்டிக்குக் கொண்டுவந்தபோது, ஒரே கிடைக்கோட்டில் எட்டு ஸ்ப்ரைட்டுக்கு மேல் காட்ட முடியாத அந்தப் பெட்டிக்காக ஆப்ஷன்கள் இரண்டாகக் குறைந்தன. அந்தப் பதிப்பைச் செய்த கசுஹிசா ஹஷிமோட்டோவுக்குத் தன் ஆட்டத்தையே சோதித்து முடிக்க வரவில்லை. அதனால் ஒரு குறுக்குவழி வைத்தார்: மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ. ஆயுதங்கள் எல்லாம் ஒரேயடியாக வந்துவிடும். இன்று கோனாமி கோட் என்று உலகமே அறிந்தது அதுதான்.

ஆர்கேட் கிரேடியஸின் டைல்களும் நிரலும் முதலில் இருந்தது பபிள் மெமரியில். காந்தப் படலத்துக்குள் நுண்ணிய காந்தக் குமிழ்கள் ஊர்ந்து தகவலைச் சுமக்கும் தொழில்நுட்பம் அது. குளிர்ந்து கிடந்தால் ஒழுங்காக வேலை செய்யாது, கொஞ்சம் சூடேற வேண்டும். ஆகவே சுவிட்சைப் போட்டதும் ஆட்டம் வராது. திரையில் எண்கள் ஒவ்வொன்றாக இறங்க, ‘மார்னிங் மியூசிக்’ என்று அழைக்கப்படும் ஓர் இனிய மெட்டு ஒலிக்கும். பிறகு கோனாமி சாதாரண ரோம் சிப்களுக்கு மாறியது. அவற்றுக்குச் சூடேற வேண்டிய அவசியம் இல்லை, சுவிட்சைப் போட்டால் ஆட்டம் தயார். அந்தக் காலை மெட்டுக்கும் வேலை இல்லாமல் போயிற்று.