அறைகளை வரையுமுன் கானை வரையுங்கள்

மலையகத்தில் வீடு கட்ட வருகின்றவர்களில் பலர் காணியை வாங்கிய கையோடு மண் வெட்டும் பெக்கோ இயந்திரத்தை வரவழைத்துவிடுகிறார்கள். சரிவை வெட்டி மட்டமாக்கினால் கொழும்பில் பார்த்த வீட்டை அப்படியே இங்கும் எழுப்பலாம் என்பது அவர்களது எண்ணம். கட்டடக்கலைஞனாகத் தொழில் தொடங்கிய காலத்தில் நானும் அதற்கு இணங்கி வரைபடம் வரைந்து கொடுத்திருக்கிறேன். அதனால் விளைந்ததைச் சொல்லும் கடமையும் எனக்கு இருக்கிறது.

பண்டாரவளைப் பக்கம் ஓர் ஆசிரியரின் காணி அது. மேலே தேயிலை மலை, கீழே பாதை, குறுக்கே மழைநீர் வடியும் பழைய தோட்டக் கான் ஒன்று. நான் பார்க்கப் போனது வறண்ட பெப்ரவரியில் என்பதால் கான் காய்ந்து, புல் மண்டிக் கிடந்தது. பக்கத்து லயத்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு) அம்மா ஒருவர், "தம்பி, அந்தக் கான மூடிறாதீங்க, மலத்தண்ணி பூராவும் அதுலதான் எறங்கும்" என்றார். நான் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. கான் நிரப்பப்பட்டது. சரிவு 3 மீற்றருக்குச் செங்குத்தாக வெட்டப்பட்டு, வீட்டின் பின்னால் கருங்கல் மதில் எழுந்தது. ஐப்பசி மழையில் அந்த மதில் நடுவில் வயிறு தள்ளியது. செம்மண் கலந்த நீர் சமையலறைக்குள் புகுந்தது. மதிலில் நீர் வடியும் குழாய்கள் நான்கே இருந்தன. அவற்றின் பின்னால் சல்லிக்கல் இடாமல் வெட்டிய மண்ணையே போட்டு நிரப்பியிருந்தார்கள். மேற்பார்வைக்கு நான் ஒரே ஒருமுறைதான் போயிருந்தேன். அந்தக் குடும்பம் அன்றிரவே வெளியேறியதால் உயிர் தப்பியது.

மழைநீர் ஊறிய மண்ணுக்குப் பாரம் கூடுகிறது. உள்ளே நீரழுத்தம் ஏற ஏற மண்ணின் பிடிமானம் தளர்கிறது. அடிவாரத்தையும் வெட்டிவிட்டால் அந்தச் சரிவைத் தாங்க எதுவும் மிஞ்சாது. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 அன்று லயன்கள் மண்ணுக்குள் புதைந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். 24 மணித்தியால மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்கும்படியும், 150 மில்லிமீற்றரைத் தாண்டினால் வெளியேறும்படியும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிக்கிறது. மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டுவதற்கு அந்த நிறுவனத்தின் அறிக்கை கேட்கப்படுகிறது. வரைந்து முடித்த பிறகு கோப்பில் சேர்க்கும் தாளாக அதைக் கருதாமல், அதைப் படித்த பின்னரே பென்சிலைத் தொடுவதுதான் முறை.

நிலைபேறான வடிவமைப்பு என்ற பெயரில் சமவெளியிலிருந்து கொண்டுவரப்படும் பழக்கங்களையும் இங்கே ஆராய்ந்துதான் ஏற்கவேண்டும். மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் உறிஞ்சு குழி வவுனியாவில் நன்மை தரும். செங்குத்தான சரிவிலோ அது மண்ணுக்கு மேலும் பாரம் ஏற்றும். இங்கே கூரைநீரைத் தொட்டியில் சேர்த்து, மிகுதியைக் கல் பதித்த கான் வழியாக ஓடைவரை கொண்டுபோய் விடவேண்டும். கழிவுநீர்க் குழியின் இடமும் அவ்வாறே கவனித்துத் தெரிவுசெய்யவேண்டியது. வெப்பத்தைத் தணிக்கக் கொழும்பில் வைக்கும் ஆழமான நிழற்கூரை, ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் வீட்டைக் குளிரும் ஈரமும் பிடித்ததாக்கும். அங்கே காலை வெயில் உள்ளே விழவேண்டும். விறகு எரிக்கும் அடுப்புக்குப் புகைபோக்கி வேண்டும்.

நிலத்தை வெட்டாமல் வீட்டைப் படிப்படியாக இறக்கிக் கட்டுவதை நமக்கு முன்பே செய்து காட்டியவர்கள் உண்டு. கண்டியில் பிறந்த கட்டடக்கலைஞர் மினெட் டி சில்வா 1950களில் வட்டப்புளுவ வீடமைப்புத் திட்டத்தை வரைந்தபோது, குடியிருக்கப் போகிறவர்களிடமே அவர்களது தேவைகளைக் கேட்டறிந்தார். லயத்து அம்மாவின் சொல்லைக் கேளாமல் விட்ட எனக்கு இந்தச் செய்தி இன்றும் உறுத்துகிறது.

இப்போது தோட்டங்களில் லயன்களுக்குப் பதிலாகச் சிறு காணிகளில் தனி வீடுகள் எழுகின்றன. நம் தொழிலுக்கு மிகவும் வேலையுள்ள இடம் இதுதான். ஆனால் நம்மில் அநேகரை அங்கே காணமுடிவதில்லை. ஒவ்வொரு குடும்பமும் தன் காணியைத் தனியே வெட்டி மட்டமாக்கினால், மேல்வீட்டின் நீர் கீழ்வீட்டின் சுவரில்தான் இறங்கும். ஆகவே காணியைப் பங்கிடுவதற்கு முன்பே முழுச் சரிவுக்குமான கான்களை அளந்து, எல்லைக்கற்களோடு சேர்த்து அடையாளமிடுமாறு தோட்ட நிர்வாகங்களையும் பிரதேச சபைகளையும் கேட்டுக்கொள்கிறேன். அந்த அளவையை மழைக்காலத்தில், நீர் ஓடும்போதே செய்யவேண்டும்.