நோகாத நெறிதான் எனக்குக் கவலை

போன மாரியில் கிளினிக்குக்கு ஓர் அம்மா வந்திருந்தார். பல வருடமாக முடக்குவாதத்துக்கு மெதோட்ரெக்சேட் என்ற குளிசை எடுப்பவர். விரல் மூட்டுகளைக் காட்டிக் கதைத்து முடித்து எழும்பும்போதுதான் கழுத்தைத் தொட்டு, "டொக்டர், இதில ஒரு நெறி கட்டியிருக்கு, நோகேல்லை, அதான் சொல்லேல்லை" என்றார். மூன்று மாதமாக இருந்திருக்கிறது. கமக்கட்டிலும் இரண்டு இருந்தன.

நெறி என்பது வீங்கிய நிணநீர்க் கணு. தொண்டை நோவுக்கும் பல் சூத்தைக்கும் கட்டுகிற நெறி நோகும், இரண்டு மூன்று கிழமையில் அடங்கிவிடும். முடக்குவாதம் கூடிய காலத்திலும் நெறி வீங்குவதுண்டு, காசநோயையும் நாங்கள் மறக்கக் கூடாது. ஆனால் முடக்குவாதம் உள்ளவர்களுக்கு லிம்போமா, அதாவது நிணநீர்க் கலங்கள் கட்டுமீறிப் பெருகும் புற்றுநோய், வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 2 மடங்கு. லிம்போமா அரிதான நோய், ஆகவே 2 மடங்கு என்றாலும் பெரும்பாலானோருக்கு அது வருவதேயில்லை.

ஏன் வருகிறது? மூட்டைத் தாக்கும் அதே நோயெதிர்ப்புக் கலங்கள் வருடக்கணக்கில் ஓய்வில்லாமல் பிரிந்து பெருகுகின்றன, பிரியும் ஒவ்வொரு தடவையும் மரபணுவில் பிழை விழ இடமிருக்கிறது. சுவீடனில் செய்து 2006இல் வெளியான ஆய்வொன்றில், நோய் நீண்டகாலம் அடங்காமல் கடுமையாக இருந்தவர்களுக்கே ஆபத்து மிகக் கூடுதலாக இருந்தது. மருந்து வேண்டாம் என்று எண்ணெய் மட்டும் பூசிக்கொண்டு வருடங்களைக் கடத்துகிறவர்களிடம் இதை நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

"அப்ப குளிசை செய்த வேலை இல்லையோ?" என்று அந்த அம்மா கேட்டார். சிலருக்குக் குளிசைக்கும் பங்குண்டு, அதை மறைக்க மாட்டேன். எங்களில் அநேகமாக எல்லோருடைய உடம்பிலும் சத்தமில்லாமல் கிடக்கும் எப்ஸ்டீன்-பார் வைரஸ், மெதோட்ரெக்சேட் எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கும்போது தலைதூக்கி, பி கலங்கள் என்ற ஒருவகை நோயெதிர்ப்புக் கலங்களைப் பெருக்கிவிடலாம். ஜப்பானிலிருந்து இப்படி நிறையப் பேரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். பலருக்குக் குளிசையை நிறுத்திய சில கிழமைகளிலேயே நெறி வற்றத் தொடங்கும், சிலருக்குக் கீமோ தேவைப்படும். இன்னும் சிலருக்கு மண்ணீரல் வீங்கி, வெள்ளைக் கலம் குறைந்து, டி கலங்கள் என்ற வேறு நோயெதிர்ப்புக் கலங்களில் ஒரு வகை மெதுவாகப் பெருகும், அதற்கு மெதோட்ரெக்சேட்டே மருந்தாகவும் கொடுக்கப்படுகிறது! அதனால் நிறுத்துவதா வேண்டாமா என்பதைத் தயவுசெய்து வீட்டில் முடிவெடுக்காதீர்கள்.

இன்னொன்று, இது எனக்கு மிகவும் மனவருத்தம் தரும் விஷயம். நெறியைக் கண்டதும் பாமசியில் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசை வாங்கிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நெறி சுருங்கும், சுகமாகிவிட்டது போல இருக்கும், பிறகு பயொப்சி, அதாவது நெறியில் சதை எடுத்துப் பார்க்கும் பரிசோதனை, செய்தாலும் என்ன நோய் என்று தெளிவாகப் பிடிபடாமல் போகலாம். ஊசியால் உறிஞ்சி எடுக்கும் பரிசோதனையும் லிம்போமாவுக்குப் பெரும்பாலும் போதாது, முடிந்தால் ஒரு நெறியை முழுதாக எடுத்துப் பார்ப்பதே நல்லது. எடுத்த நெறியைப் பரிசோதனைக்கு அனுப்பும் படிவத்தில் முடக்குவாதம் இருக்கிறது, மெதோட்ரெக்சேட் எடுக்கிறார் என்று எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

நான்கு கிழமைக்கு மேல் நிற்கிற நெறி, இரவில் உடுப்பு நனைய வியர்ப்பது, காரணமில்லாத காய்ச்சல், மெலிவு, இவற்றில் ஏதும் இருந்தால் அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்க வேண்டாம்.

அந்த அம்மாவுக்குக் கழுத்து நெறியை எடுத்துப் பார்த்தோம், குளிசையோடு தொடர்புள்ள வகைதான். குளிசையை நிறுத்தி ஆறு கிழமையில் கமக்கட்டில் இருந்தவை கைக்குத் தட்டுப்படவில்லை. மூட்டுக்கு இப்போது வேறு மருந்து எடுக்கிறார், ஒவ்வொரு தடவை வரும்போதும் கதிரையில் இருந்த உடனே முதலில் கழுத்தைத்தான் காட்டுகிறார்.