விதைப் பை வாங்கக் கிளம்பும் முன் முகவரியைப் பாருங்கள்

போன ஐப்பசியில் எங்கள் தெருப் பெரியம்மா மாடித் தோட்டத் தளைக்காக (பை, விதை, உரம் எல்லாம் சேர்ந்த தொகுப்பு) மூன்று தடவை டவுனுக்குப் போனார். முதலில் வேளாண் விரிவாக்க மையம்: "இது எங்களுது இல்லம்மா, தோட்டக்கலைக்குப் போங்க." தோட்டக்கலையில், "ஆன்லைன்ல பதிஞ்சீங்களா?" பதிந்துவிட்டுப் போனால், "நீங்க ஊராட்சி, இது டவுனுக்குத்தான்." பஸ் இலவசம், சரி. மூன்று நாள் நடவுக் கூலி போனதே, அதை யார் தருவார்கள்?

தோட்டக்கலைத் துறையின் மானியத் திட்டம் இவ்வளவுதான். 2021 டிசம்பரில் தொடங்கியபோது நகரத்துக்கு ரூ.900 மதிப்புள்ள மாடித் தளை ரூ.225-க்கு: 6 வளர்ப்புப் பை, தென்னை நார்க்கழிவுக் கட்டி, 6 வகை விதை, உயிர் உரம், வேப்ப மருந்து. ஒருவருக்கு இரண்டு வரை. கிராமத்துக்கு 12 வகை விதைப் பை ரூ.15-க்கு. விலையும் மானியமும் ஆண்டுக்கு ஆண்டு மாறும், கேட்டுக்கொள்ளுங்கள். 2025 ஜூலையில் வந்த அரசின் ஊட்டச்சத்து வேளாண்மை இயக்கத்தின் 6 வகை விதைப் பை முழு மானியத்தில் தொடங்கியது, அதற்குக் காசு கேட்டால் ரசீது கேளுங்கள்.

சிக்குவது முகவரியில்தான். கும்பகோணம், தஞ்சாவூர் ஓரங்களில் பார்த்தால் டவுன் மாதிரியே இருக்கும், வீட்டு வரி ரசீது ஊராட்சியில் இருக்கும். ரசீதைப் பார்த்துவிட்டு எந்தப் பை என்று முடிவு செய்யுங்கள். டவுனில் வாடகைக்கு இருந்து ஆதாரில் ஊர் முகவரி இருந்தால் கேஸ் புத்தகமோ கரண்ட் பில்லோ கூடவே எடுத்துப் போங்கள். சிட்டா அடங்கல் கேட்டால் மொட்டை மாடிக்கு ஏது அடங்கல் என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள். பதிவுக்கு ஓடிபி வரும் என்பதால் பேரன் நம்பரைக் கொடுத்துவிட்டு அவன் வெளியூரில் இருந்தால் அதற்கும் ஒரு நாள் போகும்.

ஆனியிலேயே கேட்க ஆரம்பியுங்கள். ஆடிப்பட்டத்துக்குக் கேட்ட விதை ஐப்பசி அடைமழையில் கைக்கு வந்தால் நம் களிமண்ணில் போட்டு அழுக விடாதீர்கள். பாக்கெட் தேதி பார்த்து, ஈரம் படாமல் தைப்பட்டத்துக்கு வையுங்கள். அப்போது பத்து விதையை ஈரத்துணியில் கட்டிப் பார்த்து, பாதிக்கு மேல் முளைத்தால் மட்டும் விதையுங்கள்.

அப்புறம், நார்க்கழிவை மட்டும் நம்பினால் செடி வெளுத்துப்போகும், அதில் சத்து பெரிதாக இல்லை, தளையில் மக்கு உரமும் கிடையாது. ஊரில் மாட்டெருவும் வாழைச்சருகும் போட்டு மக்க வையுங்கள். டவுனில் குப்பையை மக்க வைக்கும் நுண் உர மையத்தில் கேட்டுப் பாருங்கள், ஆனால் சலித்துப் போடுங்கள், ஷாம்பு பாக்கெட் வரும்.

"ஸ்டாக் இல்லை" என்றால் வாயால் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். மனு எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். ஒப்புகை தரமாட்டேன் என்றால் வெளியே வந்து முதல்வர் உதவி எண் 1100-க்குப் போன் போடுங்கள், அல்லது அதே மனுவைத் திங்கள்கிழமை கலெக்டர் குறைதீர் நாளில் கொடுங்கள்.