முகப்பு மானியம்: கடிதம் கைக்கு வரும்முன் ஓர் ஆணிகூடப் பிடுங்காதீர்கள்

எனக்குத் தெரிந்த ஒருவர் அமெரிக்காவின் மிட்வெஸ்ட் பகுதியில், ஒரு சிற்றூரின் டவுன்டவுனில் பழைய செங்கல் கட்டடம் ஒன்றை வாங்கினார். கீழே மளிகைக் கடை, மேலே இரண்டு வீடு. முகப்பைப் புதுப்பித்தால் பாதிச் செலவை நகரம் தரும் என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தார். "உங்களுக்குக் கிடைத்துவிடும், கவலை வேண்டாம்" என்றார் அலுவலகத்தில் இருந்தவர். பனி விழுவதற்குள் முடித்துவிடலாம் என்று நண்பர் பழைய ஜன்னல்களைக் கழற்றி வேலையைத் தொடங்கிவிட்டார். மூன்று வாரம் கழித்து வந்த பதில்: ஒப்புதலுக்கு முன் தொடங்கிய வேலைக்குப் பணம் கிடையாது. கவலை வேண்டாம் என்றவரிடம் போய்க் கேட்டால், அப்படிச் சொன்னதாக அவருக்கு நினைவே இல்லை.

இதே கதையை வேறு வேறு ஊர்க்காரர்கள் சொல்லி நிறையக் கேட்டுவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

இந்த மானியத்துக்கு நாடு முழுக்க ஒரே பெயரோ ஒரே விதியோ கிடையாது. ஊருக்கு ஊர் மாறும். பெரும்பாலும் செலவில் ஒரு பங்கை, பல இடங்களில் பாதியை, ஓர் உச்சவரம்புக்குள் நகரம் தரும், மீதி உங்களுடையது. சில ஊர்களில் அது உள்ளூர் வரிப்பணம். பல ஊர்களில் சி.டி.பி.ஜி. (கம்யூனிட்டி டெவலப்மென்ட் பிளாக் கிராண்ட்) என்று சொல்லப்படும் அமெரிக்க மத்திய அரசு நிதி. விண்ணப்பம் வாங்கப் போன முதல் நாளே "இது யார் பணம்?" என்று கேட்டுவிடுங்கள். உங்கள் தலைவலியின் அளவு அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

சி.டி.பி.ஜி. பணம் என்றால், லாபத்துக்கு நடக்கும் தனியார் வணிகக் கட்டடத்தில் செய்யக்கூடியவை குறைவு: வெளிப்புற வேலை, அஸ்பெஸ்டாஸ், ஈயப் பெயின்ட் ஆபத்தை நீக்குவது, கட்டட விதிமீறல்களைச் சரிசெய்வது. அவ்வளவுதான். உள்ளே தரை போட, ஏ.சி. மாற்ற, சமையலறை கட்ட இதில் கேட்காதீர்கள். ஒரே காண்டிராக்டர் உள்ளேயும் வெளியேயும் வேலை செய்தால் பில்லைத் தனித்தனியாக வாங்குங்கள். ஒரே பில்லில் கலந்து எழுதினால், கோப்பு அதோடு நின்றுவிடும்.

அப்புறம், மத்திய அரசுப் பணம் என்றால் சுற்றுச்சூழல் பரிசீலனையும், 1966ஆம் ஆண்டு வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டப்படியான பரிசீலனையும் முடிந்தாக வேண்டும். இவை முடியும்வரை கட்டடத்தில் கை வைப்பது மட்டுமல்ல, வேலைக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதே ஆபத்து. "என் பங்குப் பணத்தில்தானே தொடங்கினேன்" என்ற வாதமும் எடுபடாது. கோட்டேஷன் வாங்குங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அந்தக் கோட்டேஷனிலும் ஒரு பொறி உண்டு. மத்திய நிதியில் நடக்கும் கட்டுமான ஒப்பந்தம் 2,000 டாலரைத் தாண்டினால் டேவிஸ்-பேக்கன் சட்டப்படி அரசு நிர்ணயித்த கூலி கொடுக்க வேண்டும். வாரா வாரம் சம்பளப் பட்டியலும் தர வேண்டும். தெரிந்த கொத்தனார் மலிவாகச் சொன்ன விலை இதற்குப் பிறகு நிற்காது. சிலர் பட்டியல் எழுதும் தொல்லைக்காகவே வேலையை விட்டுப் போய்விடுவார்கள். ஆகவே கோட்டேஷன் கேட்கும்போதே இந்தக் கூலி விதியைச் சொல்லிக் கேளுங்கள். இல்லாவிட்டால் மானியமாக வருவதில் பெரும்பகுதி கூலி உயர்விலேயே போய்விடும்.

பணம் முன்கூட்டி வராது. இதுதான் சிறு கடைக்காரர்களை அதிகம் அடிக்கிறது. முழுச் செலவையும் நீங்கள் செய்து, பில், காசோலை நகல், முன்னும் பின்னும் எடுத்த படங்கள் எல்லாம் கொடுத்து, அலுவலர் வந்து பார்த்த பிறகுதான் பாதி திரும்பி வரும். அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். கையில் பணமில்லாதவருக்கு உதவத்தான் திட்டம் என்கிறார்கள். கையில் முழுப்பணம் வைத்திருப்பவர்தான் அதைத் தொட முடிகிறது. கேட்டால் நடைமுறை என்பார்கள். ரொக்கமாகக் கொடுத்த கூலிக்குப் பெரும்பாலும் எதுவும் கிடைக்காது, காசோலையோ கார்டோதான். வந்த பணமும் பொதுவாக வருமானமாகவே கணக்கில் சேரும், வரிக்கு ஒதுக்கி வையுங்கள்.

வாடகைக்கு இருப்பவரா? உரிமையாளரின் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும். அதைவிட முக்கியம் உங்கள் லீஸ். முகப்பை உங்கள் காசில் அழகாக்கிய மறு வருடம் வாடகை ஏறினால் கேட்க நாதியில்லை. லீஸை நீட்டி எழுதி வாங்கிக்கொண்டு பிறகு விண்ணப்பியுங்கள்.

மானிய அலுவலகம் சரி என்றால் எல்லாம் சரி என்று நினைக்க வேண்டாம். ஊரில் வரலாற்றுப் பாதுகாப்புக் குழு இருந்தால் அதன் சான்றிதழ் தனி, கட்டட பெர்மிட் தனி. நடைபாதைக்கு மேல் நீளும் வெயில்மறைப்புக்கும் பெயர்ப்பலகைக்கும் இன்னொரு மேசை. முதல் மேசையில் ஒப்புக்கொண்ட நிறத்தை இரண்டாம் மேசை மறுக்கும். எல்லோருக்கும் ஒரே வரைபடத்தை, ஒரே தேதியிட்டுக் கொடுங்கள்.

குழு எதற்கெல்லாம் முகம் சுளிக்கும் என்பது ஓரளவு எல்லா ஊரிலும் ஒன்றுதான். செங்கல்லைச் சாண்ட்பிளாஸ்டிங் செய்வது (மணலை வேகமாகப் பீய்ச்சிச் சுரண்டுவது), பெயின்ட் படாத செங்கல்லுக்குப் பெயின்ட் அடிப்பது, மர ஜன்னலை எடுத்துவிட்டு வினைல் (பிளாஸ்டிக்) ஜன்னல் வைப்பது. பழைய செங்கல் மிருதுவானது. மேல்தோல் போனால் தண்ணீர் குடிக்கும். இடுக்குகளில் பழைய சுண்ணாம்புக் கலவை இருந்த இடத்தில் கெட்டி சிமென்ட் வைத்துப் பாயிண்டிங் செய்தால், கலவை நிற்கும், செங்கல் உடையும். இந்த ஒரு விஷயத்தில் அதிகாரிகள் சொல்வது நியாயம்தான். உங்கள் கட்டடத்தின் மேல் 1950கள், 60களில் மாட்டிய அலுமினியத் தகடு இருந்தால் அடியில் பழைய முகப்பு அப்படியே இருக்க வாய்ப்புண்டு. ஆனால் அதைக்கூட ஆர்வத்தில் நீங்களே பிரித்துப் பார்க்காதீர்கள். அதுவும் "வேலை தொடங்கியது" ஆகிவிடும்.

இனி, நம்மவர்கள் அதிகம் ஏமாறும் இடம். "வரலாற்றுக் கட்டடம் என்றால் 20 சதவீதம் வரிச்சலுகை" என்று வீடு விற்கும் ஏஜென்ட் சொல்லியிருப்பார். சலுகை உண்மை: புதுப்பிக்கும் செலவில் 20 சதவீதத்தை மத்திய அரசுக்குக் கட்டும் வருமான வரியில் கழிக்கலாம். ஆனால் முகப்பு வேலைக்கு மட்டும் அது அநேகமாகக் கிடைக்காது. 24 மாதத்துக்குள் நீங்கள் செய்யும் செலவு, கட்டடத்தின் கணக்கு மதிப்பைத் தாண்ட வேண்டும். 3,00,000 டாலருக்கு வாங்கினீர்கள், அதில் நிலம் 60,000, இதுவரை கழித்த தேய்மானம் 40,000 என்றால் மீதி 2,00,000. அதற்கு மேல் செலவழித்தால்தான் பேச்சே. மொத்தமும் ஒரே வருடத்தில் கிடைக்காது. 2017 வரிச் சட்டத்துக்குப் பிறகு ஐந்து வருடமாகப் பிரித்துத்தான். ஐந்து வருடத்துக்குள் கட்டடத்தை விற்றால் சலுகையில் ஒரு பகுதியையோ, முதல் வருடமே விற்றால் முழுவதையுமோ திருப்பிக் கட்ட வேண்டும். மென்பொருள் வேலையில் இருந்துகொண்டு முதலீடாகக் கட்டடம் வாங்கியவருக்கு இன்னொரு அடி: வருமானம் 2,00,000 டாலரைத் தாண்டும்போதே, சம்பளத்துக்கான வருமான வரியில் இதைக் கழிக்கும் வழி சுருங்கத் தொடங்கி, 2,50,000இல் அடைபட்டுவிடும். வாடகை போன்ற வருமானத்துக்கான வரியில்தான் கழிக்கலாம், அல்லது பின்வரும் வருடங்களுக்குத் தள்ளிவைக்கலாம். கட்டடம் வாங்கும் முன் கணக்காளரிடம் கேளுங்கள், வாங்கிய பின் அல்ல.

விண்ணப்பம் போட்டாயிற்றா? இனி அலுவலகத்தில் யார் வாயால் எதைச் சொன்னாலும், வீட்டுக்கு வந்து அன்றே ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: "இன்று நீங்கள் இப்படிச் சொன்னீர்கள், சரிதானே?" பதில் வராவிட்டால் மறுநாள் இன்னொன்று. கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதம் வரட்டும், பிறகு ஏணியை எடுங்கள்.