குடியியல் உரிமை: ஒரு சொல் விளக்கம்

ஆங்கிலத்தின் ‘சிவில் உரிமை’யைத் தமிழில் ‘குடியியல் உரிமை’ என்கிறோம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் முதியவர் ஒருவரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். கோயில் திருவிழாவில் எந்தக் குடிக்கு எந்த நாள் என்ற வழக்கைப் பேச வந்திருக்கிறீர்கள் என்றே அவர் நினைக்கக்கூடும். பிழை அவருடையதன்று. மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிகளில் குடி என்றால் தாய்வழி வம்சம். தமிழருக்கும் உண்டு, முஸ்லிம்களுக்கும் உண்டு. பிள்ளை தாயின் குடியைச் சேரும். ஒரே குடிக்குள் பெண் எடுப்பதில்லை.

‘சிவில்’ என்பதன் வேர் குடிமகனைக் குறிக்கும் ‘சிவிஸ்’ என்ற இலத்தீன் சொல். பேச்சில் ‘சிவில்’ என்றே சொல்கிறோம். இலங்கைச் சட்டத் தமிழில் ‘குடியியல்’. தமிழ்நாட்டார் ‘குடிமை உரிமை’ என்பார்கள். எனக்கு அது நெருடும். குறளில் குடிமை என்ற அதிகாரம் பேசுவது உயர்குடிப் பிறப்பை. அதே குறளின் ‘படைகுடி கூழ்அமைச்சு’ என்ற அடியிலோ குடி என்பது நாட்டு மக்கள் அனைவரும். நமக்கு வேண்டியது இந்தக் குடிதான்.

குடிக்கு எதிரே நிற்கும் சொல் இறை. அரசன், கடவுள், வரி மூன்றுக்கும் அது பெயர். இறைமை அதிலிருந்து பிறந்தது. இறைமை கைமாறினால் வரி வாங்குபவர் மாறுவார். கொடுக்கும் குடி அதே வயலில்தான் நிற்கும். அதன் உரிமைகள்?

ஒல்லாந்தர் போய் ஆங்கிலேயர் வந்தபின், 1799 செப்டெம்பர் 23ஆம் திகதிப் பிரகடனம், முந்திய ஆட்சியின் சட்டங்களின்படியே நீதி வழங்கப்படும் என்றது. மாற்றும் அதிகாரத்தையும் கையோடு வைத்துக்கொண்டது. முதுசம் என்ற பரம்பரைச் சொத்து தாய்வழியே இறங்கும், முக்குவர் சமூகத்தின் வழமையான முக்குவர் சட்டம் மட்டக்களப்பில் அதன் பிறகும் வழங்கிவந்தது. அதற்கு முடிவு கட்டியது 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். கொடி மாறிய அன்று பறிபோகாதது, எவரும் எதிர்பாராத ஒரு நாளில் போயிற்று.

1948இல் சுதந்திரம் வந்து இறைமை கைமாறியபோதும் இதே கதை. எந்தச் சமூகத்துக்கும் தனியாகப் பாதகம் விளைவிக்கும் சட்டத்தை இயற்றலாகாது என்ற சோல்பரி அரசியல் யாப்பின் 29(2)ஆம் பிரிவு அன்று பறிபோகவில்லை; அதை 1972இன் குடியரசு யாப்பு எடுத்துக்கொள்ளவில்லை.

‘அடிப்படை உரிமை’யைக் குடியியல் உரிமைக்கு மாற்றாக எழுதாதீர்கள். 1978 யாப்பின் மூன்றாம் அத்தியாயத்தில் உள்ளவைக்கே இலங்கையில் அந்தப் பெயர். அரச நிர்வாகம் அவற்றை மீறினால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். குடியியல் உரிமை அதைவிட அகன்ற சொல்.