யூஆர்எல்லில் வரும் சொல்லை ஃபங்ஷன் பெயராக்காதீர்கள்

மண்ணடி இரும்புக் கடைகள், தண்டையார்பேட்டை லாரி ஆபீஸ்கள், துறைமுகத்தை ஒட்டிய கிளியரிங் ஏஜெண்ட் அலுவலகங்கள் என்று வடசென்னையில் நான் வேலை பார்க்கும் பல இடங்களில், யாரோ ஒருவர் சொந்தமாக எழுதிய சின்ன பிஎச்பி ஃபிரேம்வொர்க்தான் (வெப் புரோகிராம் எழுதும் மொழியான பிஎச்பியில் கட்டிய அடித்தளம்) ஓடுகிறது. கிளாஸ் (ஃபங்ஷன்களையும் தரவையும் ஒன்றாகக் கட்டிவைக்கும் அமைப்பு) எதுவும் இருக்காது. பில்லுக்கு ஒரு ஃபைல், ஸ்டாக்குக்கு ஒரு ஃபைல் என்று ஒவ்வொரு பிரிவும் ஒரு மாட்யூல். உள்ளே வெறும் ஃபங்ஷன்கள்.

அதில் தவறே இல்லை. வெப்சைட் நடத்தும் மென்பொருளான ட்ரூபால் 7 கூட மாட்யூல் பெயரையும் ஹூக் (மாட்யூல்கள் வந்து இணையும் இடம்) பெயரையும் அண்டர்ஸ்கோர் போட்டு ஒட்டித்தான் ஃபங்ஷனைத் தேடியது. ஆனால் அங்கே மாட்யூல் பெயர், நிர்வாகி இயக்கிவைத்த பட்டியலிலிருந்து வரும். ஹூக் பெயர் புரோகிராமிலேயே எழுதப்பட்டிருக்கும். நம் ஊர் ஃபிரேம்வொர்க்குகளில் இரண்டையுமே பிரவுசரிடமிருந்து வாங்கிவிடுகிறார்கள்.

யூஆர்எல்லில் மாட்யூல் 'பில்', ஆக்‌ஷன் 'காட்டு', ஐடி 1042 என்று வந்தால், ஃபிரேம்வொர்க் 'பில்_காட்டு' என்ற ஃபங்ஷனுக்கு 1042ஐக் கொடுத்துக் கூப்பிடும். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. இப்போது மாட்யூல் 'ஷெல்', ஆக்‌ஷன் 'எக்ஸெக்' என்று ஒருவர் அடித்தால்? 'ஷெல்_எக்ஸெக்' என்பது பிஎச்பியின் சொந்த ஃபங்ஷன். ஐடி இருந்த இடத்தில் எந்தக் கட்டளையை எழுதினாலும் சர்வர் அதை ஓட்டும். கடையின் மொத்தக் கணக்கும் போய்விடும்.

பெரம்பூரில் இப்படி எழுதியிருந்த ஒரு தம்பி, "அண்ணா, ஃபங்ஷன் இருக்கான்னு செக் பண்ணிட்டுத்தானே கூப்பிடறேன்?" என்று கேட்டார். அந்தச் சோதனை பிஎச்பியின் சொந்த ஃபங்ஷன்களுக்கும் 'இருக்கு' என்றுதான் பதில் சொல்லும். சரி, ஆபத்தானவற்றை மட்டும் பெயர் சொல்லித் தடுக்கலாமா? ஃபங்ஷன் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தை பிஎச்பி பார்ப்பதில்லை. ஒரு எழுத்தை மாற்றி அடித்தாலே சாதாரண ஒப்பீடு ஏமாந்துவிடும். தடுக்க வேண்டியவற்றின் பட்டியலுக்கும் முடிவில்லை.

நேம்ஸ்பேஸ் (பெயர்கள் மோதாமலிருக்க முன்னால் சேர்க்கும் குடும்பப் பெயர் மாதிரி) பிஎச்பி 5.3இலேயே, 2009இல் வந்துவிட்டது. மாட்யூலின் நேம்ஸ்பேஸை முன்னால் சேர்த்துத் தேடினால் 'ஷெல்_எக்ஸெக்' சிக்காது. பாதி நிம்மதி. மீதிப் பாதிதான் பலர் கவனிக்காதது: கிளாஸுக்குள் இருக்கும் ஃபங்ஷனை, அதாவது மெத்தடை, வெளியிலிருந்து கூப்பிட முடியாதபடி பிரைவேட் ஆக்கலாம், தனி ஃபங்ஷனுக்கு அந்த வசதி கிடையாது. பில் மாட்யூலுக்குள் 'எல்லாம்_அழி' என்று உள்வேலைக்காக எழுதிய ஃபங்ஷனையும் வெளியிலிருந்து கூப்பிட முடியும்.

ஆகவே நான் ஒவ்வொரு மாட்யூல் ஃபைலும் ஓர் அர்ரேயை (பட்டியலை) திருப்பித் தரவேண்டும் என்று வைத்திருக்கிறேன். வெளியே தெரியவேண்டிய ஆக்‌ஷன் பெயர், அதற்கான ஃபங்ஷன், ரிக்வெஸ்ட் 'கெட்' முறையா (யூஆர்எல்லில் வருவது) 'போஸ்ட்' முறையா (ஃபார்மில் அனுப்புவது), யார் கூப்பிடலாம் என்ற நான்கும் அதில் இருக்கும். அந்த அர்ரேயில் எழுதாத பெயர் வந்தால் 404 ('அப்படி ஒரு பக்கம் இல்லை') என்று பதில், அவ்வளவுதான். பிஎச்பி 8.1 முதல் ஃபங்ஷன் பெயருக்குப் பின் அடைப்புக்குறிக்குள் மூன்று புள்ளி வைத்து ஃபங்ஷனையே மதிப்பாக எடுத்துக்கொள்ளலாம். பெயரை ஸ்ட்ரிங்காக எழுதும் பழக்கமே தேவைப்படாது. எடிட்டரும் எழுத்துப்பிழையை உடனே காட்டிக்கொடுக்கும்.

மாட்யூல் ஃபைலை எங்கிருந்து ஏற்றுவது என்பதிலும் இதே கவனம் வேண்டும். கிளாஸைப் போல ஃபங்ஷனை பிஎச்பி தானாக ஏற்றாது. பிஎச்பி லைப்ரரிகளை ஏற்றித் தரும் கம்போஸரிடம் ஃபைல்களாகக் கொடுத்தால் ஒவ்வொரு ரிக்வெஸ்டிலும் எல்லாவற்றையும் ஏற்றும். அதனால் தேவையானதை மட்டும் ஏற்றுவது நல்லதுதான். ஆனால் ஃபைலின் பாதையை யூஆர்எல்லை வைத்துக் கட்டாமல், மாட்யூல் பெயருக்கு எதிரே பாதை எழுதிய கான்ஃபிக் ஃபைலிலிருந்து எடுங்கள்.

பழைய ஃபிரேம்வொர்க்கை இன்றே திருத்தப் போகிறவர்கள், முதலில் சர்வரின் ஆக்ஸஸ் லாகை (வந்த ரிக்வெஸ்டுகளின் பதிவை) நகல் எடுத்து வையுங்கள். பல சர்வர்களில் அது சில வாரங்களில் தானாக அழிந்துவிடும். அதில் 'எக்ஸெக்' என்று தேடிப் பாருங்கள். ஏதாவது சிக்கினால், புரோகிராமைத் திருத்துவதோடு நிற்காமல் டேட்டாபேஸ் பாஸ்வேர்டையும் மாற்றி, சர்வரையே புதிதாக நிறுவ வேண்டும்.