வியூவரில் டவுன்லோட் வசதி சேர்ப்பவர்களுக்கு

"லிங்கை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை." கியூட்டி வெப்எஞ்சின் (குரோமியம் பிரவுசரை ஆப்புக்குள் பொதிக்கும் கருவி) மேல் கட்டிய ஆவண வியூவர்களுக்கு ஓயாமல் வரும் புகார் இது. டெவலப்பரின் பதிலும் மாறுவதில்லை: "உள்ளே குரோமியம்தானே இருக்கு, டவுன்லோட் தானா நடக்குமே!" நடக்காது. புரொஃபைல் (குக்கி, டவுன்லோட் போன்ற அமைப்புகளைக் கவனிக்கும் ஆப்ஜெக்ட்) அனுப்பும் டவுன்லோட்ரிக்வெஸ்டட் சிக்னலை, அதாவது டவுன்லோட் அறிவிப்பைப் பிடித்து அக்செப்ட் கொடுக்காவிட்டால் டவுன்லோட் சத்தமில்லாமல் ரத்தாகிவிடும். சேமிக்கும் ஃபோல்டரையும் பெயரையும் அக்செப்டுக்கு முன்பே கொடுங்கள். இந்தச் சிக்னலுக்கு, அழைப்பை வரிசையில் வைத்துப் பிறகு நடத்தும் கியூட் கனெக்‌ஷன் உதவாது. வரிசையில் உங்கள் ஃபங்ஷனின் முறை வருவதற்குள் அந்த டவுன்லோட் ஆப்ஜெக்ட் அழிந்திருக்கும்.

புரொஃபைலை எல்லா டேபும் பகிர்கின்றன என்பதையும் மறந்துவிடுகிறார்கள். டேப் திறக்கும்போதெல்லாம் அந்தச் சிக்னலைக் கனெக்ட் செய்தால், ஐந்து டேப் திறந்தவருக்கு ஒரே ஃபைலுக்கு ஐந்து சேவ் டயலாக் வரும். புரொஃபைலை உருவாக்கும் இடத்தில் ஒரே ஒரு கனெக்ட் போதும்.

இதுவரை சொன்னது சுலபம். பொறுமையைச் சோதிப்பது இன்னொரு நம்பிக்கை: "ஃபைல் பெயர்தான் வருகிறதே, அப்படியே வைத்தால் போச்சு." வருவது பெயர் அல்ல ஐயா, முன்பின் தெரியாத ஒருவர் எழுதிய எழுத்துச் சரம். வெப்எஞ்சின் தரும் பெயராவது ஓரளவு சலித்து வருகிறது. பிடிஎஃபின் உள்ளே இணைத்த ஃபைல், ஜிப்புக்குள் இருக்கும் ஃபைல், நீங்களே நெட்வொர்க் வழியாக இழுத்த ஃபைல் ஆகியவற்றின் பெயரை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். ஃபோல்டர் பாதையோடு அதை ஒட்டினால், "../.பாஷ்ஆர்சி" என்று வரும் பெயர் ("../" என்றால் ஒரு ஃபோல்டர் மேலே போ என்று பொருள்) டவுன்லோட் ஃபோல்டரை விட்டு வெளியேறிப் பயனரின் சொந்த ஃபைலை அழித்து எழுதும். லினக்ஸில் சோதித்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களே, அங்கே பாதையைப் பிரித்துத் தரும் கியூட்டியின் கியூஃபைல்இன்ஃபோ பின்சாய்கோட்டைப் பிரிப்பானாகக் கருதாது. விண்டோஸில் அது பிரிப்பான். முன்சாய்கோடு, பின்சாய்கோடு இரண்டிலும் வெட்டி, கடைசித் துண்டை மட்டும் எடுங்கள்.

அந்தத் துண்டையும் நம்ப வேண்டாம். கட்டுப்பாட்டு எழுத்துகள், விண்டோஸ் ஏற்காத குறிகள், கடைசியில் தொங்கும் புள்ளி, இடைவெளி எல்லாம் போகட்டும். கான், ஆக்ஸ், நல், காம்1 போன்ற விண்டோஸின் ஒதுக்கப்பட்ட பெயர்களுக்கு முன்னால் ஓர் அடிக்கோடு போடுங்கள். எழுத்தோட்டத்தை வலமிருந்து இடமாகத் திருப்பும் யூனிகோட் குறியைக் கட்டாயம் நீக்குங்கள். அதை வைத்துத்தான் ஒரு இஎக்ஸ்இ ஃபைலைப் பார்வைக்குப் பிடிஎஃப் ஆக்குகிறார்கள். அதற்காகக் கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளை எல்லாம் கூண்டோடு துடைக்காதீர்கள். க், ஷ இரண்டும் கூட்டெழுத்தாகச் சேராமல் பிரிந்து நிற்கத் தமிழில் அப்படி ஒரு குறி தேவைப்படுகிறது.

பெயர் இடைக்கோட்டில் தொடங்குகிறதா? வெளி நிரலுக்கு அதைக் கொடுத்தால் ஆப்ஷனாகப் படிக்கப்படும். லினக்ஸின் ஆவண வியூவரான எவின்ஸின் காமிக்ஸ் பகுதியில் 2017-ல் வெளிவந்த பாதுகாப்பு ஓட்டை (சிவிஇ-2017-1000083) இந்த ரகம்தான். டார் ஃபைலுக்குள் இருந்த ஒரு பெயரே கட்டளையை ஓடவைத்தது. பாவம், பயனர் செய்ததெல்லாம் ஒரு புத்தகத்தைத் திறந்தது மட்டுமே.

நீளமும் ஒரு தொல்லை. லினக்ஸின் வழக்கமான ஃபைல் சிஸ்டங்களில் பெயருக்கு 255 பைட் வரம்பு. யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். அதாவது 85 குறிகள்தான். "கூட்டுறவு" கண்ணுக்கு 5 எழுத்து, உள்ளே 9 குறி, 27 பைட். அரசாணைத் தலைப்பையே ஃபைல் பெயராக வைத்தால் வரம்பு சுலபமாகத் தாண்டும், சேமிப்பு தோற்கும். பைட் கணக்கில் கண்மூடித்தனமாக வெட்டினால் பாதி எழுத்து மிஞ்சும். கியூட்டியின் கியூடெக்ஸ்ட்பவுண்டரிஃபைண்டரைக் கொண்டு, கிராஃபீம் முறையில், அதாவது கண்ணுக்குத் தெரியும் முழு எழுத்தின் எல்லை பார்த்து வெட்டுங்கள். எக்ஸ்டென்ஷனுக்கும், அதே பெயரில் ஃபைல் இருந்தால் சேர்க்கப்போகும் எண்ணுக்கும் இடம் விட்டே வெட்ட வேண்டும்.

அடுத்தது "முடிந்தது". டவுன்லோட் ஆப்ஜெக்டின் இஸ்ஃபினிஷ்ட் உண்மை என்றால் ஃபைல் வந்துவிட்டது என்று பொருள் கிடையாது. ரத்தானாலும் அது உண்மைதான், மீட்க முடியாமல் அறுந்தாலும் உண்மைதான். ஸ்டேட் கம்ப்ளீட்டட்தானா என்று பார்த்த பிறகே பச்சை டிக் போடுங்கள். சர்வர் அளவைச் சொல்லாதபோது டோட்டல்பைட்ஸ் -1 ஆக வரும். அதை வைத்து வகுத்துத்தான் மைனஸ் சதவீதம் காட்டும் வியூவர்கள் உலவுகின்றன. பிடிஎஃபில் இணைத்த ஃபைல்களை நீங்களே டிஸ்க்கில் எழுதுவதானால், முழுதும் எழுதி முடித்த பிறகே பழையதை மாற்றும் கியூசேவ்ஃபைலைப் பயன்படுத்துங்கள். டிஸ்க் நிறைந்து எழுதுவது பாதியில் நின்றாலும் பழைய ஃபைல் தப்பிக்கும்.

விண்டோஸில் இப்படி நீங்களே பிரித்தெடுக்கும் இணைப்பு ஃபைலுக்கு, இணையத்திலிருந்து வந்தது என்று சொல்லும் ஜோன்.ஐடென்டிஃபையர் குறியை, ஜோன்ஐடி=3 என்று, நீங்களேதான் எழுத வேண்டும். இல்லாவிட்டால் இணையத்திலிருந்து வந்த வேர்டு ஃபைல், பாதுகாப்புப் பார்வை இல்லாமலே திறந்துகொள்ளும். மேக்கில் இதே வேலையைச் செய்வது குவாரன்டீன் குறி. தயவுசெய்து, இறங்கிய கையோடு ஃபைலைத் தானாகத் திறந்துவிடாதீர்கள். "ஃபோல்டரில் காட்டு" என்று ஒரு பொத்தான் வைத்தால் போதும்.